அக்ரூட் மரத்தில் கிட்டார் நெக், பிரிட்ஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் கிட்டார் செய்யவும் பழுது பார்க்கவும் இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். நெக் என்பது கிட்டாரின் நீண்ட கழுத்து; பிரிட்ஜ் என்பது டாப்பில் (முன்பலகையில்) ஒட்டி, ஸ்ட்ரிங்கின் அடிமுனையைப் பிடிக்கும் கட்டை. ஸ்டீல் ஸ்ட்ரிங் போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. நைலான் ஸ்ட்ரிங் கிட்டாருக்கு மாறும் இடங்களைத் தனியாகக் குறித்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைச் சார்ந்தவை என்பதால் முதல் தடவை மேலிருந்தே படியுங்கள்.

1. வால்நட்னா நாம உடைச்சுச் சாப்பிடுற அக்ரூட் மரம்தானுங்களா?

ஆமாம். காஷ்மீர் அக்ரூட்டின் தாவரப் பெயர் ஜக்லன்ஸ் ரீஜியா. கொட்டையும் அதிலிருந்துதான், ஸ்ரீநகர் மரச்செதுக்கு வேலைக்குப் போகும் பலகையும் அதிலிருந்துதான். அமெரிக்காவிலிருந்து பலகையாக வரும் கறுப்பு வால்நட் அதன் பங்காளி, ஜக்லன்ஸ் நைக்ரா. இரண்டும் கிட்டாருக்கு ஆகும்.

கடையில் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நம் ஊர் வாகைக்கு மர வியாபாரத்தில் 'கிழக்கிந்திய வால்நட்' என்று ஒரு பெயர் உண்டு. வாதுமைப் பலகை என்று கேட்டால் தெருவோரம் நிழலுக்கு நிற்கும் நாட்டு வாதுமையைக் காட்டுவார்கள். வால்நட் கலர் ஏற்றிய ரப்பர் மரமும் விற்பனைக்கு இருக்கிறது. பலகையின் முனையைப் புது பிளேடால் மெல்லச் சீவி, நகைக்கடை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அக்ரூட்டில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் துளைகள் பெரிதாக இருந்து, வளையம் முடியும் இடத்துக்குப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். கலர் ஏற்றிய மரமென்றால் ஒரு மில்லிமீட்டர் சீவியதும் வெள்ளை தெரிந்துவிடும்.

2. நெக்குக்கு மகோகனிதானே போடுவாங்க? அக்ரூட் தாங்குமா?

தாங்கும். 12 சதவீத ஈரத்தில் ஒரு கன மீட்டர் ஹோண்டுராஸ் மகோகனி சுமார் 590 கிலோ, கறுப்பு வால்நட் சுமார் 610, காஷ்மீர் அக்ரூட் சுமார் 640. வளையாமல் நிற்கும் திறனில் மகோகனி 10 கிகாபாஸ்கல் என்றால் அக்ரூட் வகைகள் 10.8 முதல் 11.6 வரை. ஆக, எடை கொஞ்சம் கூடுதல், விறைப்பும் கொஞ்சம் கூடுதல். முழு நெக்கில் எடை வித்தியாசம் 40 கிராமைத் தாண்டாது. 012 செட் ஸ்ட்ரிங்கை (மிக மெல்லிய ஸ்ட்ரிங் 0.012 இன்ச்) முழுச் சுதிக்கு ஏற்றினால் மொத்த இழுவை சுமார் 73 கிலோ. நல்ல அக்ரூட் துண்டுக்கு அது பெரிய சுமை அல்ல.

மகோகனி ஜெயிப்பது வேறொரு இடத்தில்: அது ஈரத்துக்கு அசைவது குறைவு. பச்சை மரம் முழுக்கக் காயும்போது மகோகனி அகலவாட்டில் 3 முதல் 4.5 சதவீதம்தான் சுருங்கும். அக்ரூட் 5.5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும். அதனால் மகோகனியில் மன்னிக்கப்படும் அவசரம் அக்ரூட்டில் மன்னிக்கப்படாது. கீழே காயவைப்பதைப் பற்றியே இவ்வளவு பேசுவதற்கு இதுதான் காரணம்.

3. பெரிய கம்பெனிக்காரங்க யாராவது போட்டிருக்காங்களா?

போட்டிருக்கிறார்கள். கிப்சன் ஜே-15 மாடலில் பின்பலகை, பக்கங்கள், ஃப்ரெட்போர்டு (நெக்கின் மேல் ஒட்டும், விரல் அழுத்தும் பலகை), பிரிட்ஜ் எல்லாமே வால்நட்டில் வந்தன; நெக் மட்டும் மேப்பிள். ஃபெண்டர் மேப்பிள் நெக்கின் முதுகில் ஓடும் கறுப்புக் கோடும் வால்நட் பட்டைதான். பின்பக்கமாக டிரஸ் ராடை (நெக்கின் வளைவைத் திருகிச் சரிசெய்யும் கம்பியை) இறக்கிவிட்டு அந்தக் காடியை அடைக்கிறார்கள்.

4. நம்ம பக்கமே தோட்டத்துல மகோகனி நடுறாங்க, ஏற்காட்டுல சில்வர் ஓக் மலைமலையா நிக்குது. அதை விட்டுட்டு எதுக்குங்க காஷ்மீர் மரம்?

கேட்க வேண்டிய கேள்வி. தோட்டத்து மகோகனி முற்றியிருந்தால் அதையே போடுங்கள், நாங்களும் அதைத்தான் சொல்வோம். ஆனால் சாமில்லுக்கு வருவதில் பெரும்பகுதி தண்ணீர் பாய்ச்சி வேகமாக வளர்த்த இளமரம். வைரம் மெலிந்து, வெள்ளைப்பகுதி அகன்று கிடக்கும். அதில் 80 மி.மீ. அகலத்துக்கு முழு வைரமாக, கணு இல்லாமல் ஒரு மீட்டர் எடுப்பது கடினம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் நிற்பது நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும்தான். மரத்தின் எடை மகோகனிக்குப் பக்கத்தில் இருக்கும், சரிகை போன்ற மினுமினுப்பான வரியும் அழகு. அந்த வரியைத் தருகிற அகலமான கதிர்கள் இழைப்பில் செதில் செதிலாகப் பெயரும். தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். ஹெட்ஸ்டாக்கின் (நெக்கின் தலைப்பகுதியின்) முகத்தில் ஒட்டும் 2 மி.மீ. தகட்டுக்கும், முதல் நெக்கைச் செதுக்கிப் பழகவும் அது மிக நல்ல மரம்.

5. தஞ்சாவூர் வீணையே பலா மரத்துலதான் செய்றாங்க. கிட்டாருக்கு ஏன் ஆகாது?

வீணையின் தண்டி குடைந்த, பருமனான உறுப்பு. மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருக்கும். தண்டி கொஞ்சம் அசைந்தால் மெழுகை இளக்கி மெட்டைத் திருத்திக்கொள்ளலாம். கிட்டார் நெக் முதல் ஃப்ரெட்டருகே ஃப்ரெட்போர்டையும் சேர்த்து 21 மி.மீ. கனம்தான். ஃப்ரெட்டுகள் அடித்து இறக்கப்பட்டவை. அரை மில்லிமீட்டர் வளைந்தாலும் ஸ்ட்ரிங் உரசும். நன்றாகக் காய்ந்த, நேரான பலாவில் நெக் செய்ய முடியும். ஆனால் வீணையில் நிற்கிறது என்பது அதற்குச் சான்றாகாது.

6. சரி, பிரிட்ஜுக்கு அக்ரூட் போடலாமா கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

நைலான் ஸ்ட்ரிங் கிட்டாருக்குப் போடலாம். ஸ்டீல் ஸ்ட்ரிங்குக்கு, 11, 12 ஆகிய கேள்விகளில் சொன்ன அளவுகளைக் காப்பாற்ற முடியுமென்றால் மட்டும் போடலாம்.

நெக்கில் கேட்கப்படுவது விறைப்பு. பிரிட்ஜில் கேட்கப்படுவது கடினமும் பிளவு தாங்குவதும். ஜான்கா கடின அளவில் ஈட்டி 2,440. கறுப்பு வால்நட் 1,010, காஷ்மீர் அக்ரூட் 1,220. ஈட்டியில் பாதிதான். சேடில் (ஸ்ட்ரிங்கைத் தாங்கும் மெல்லிய பட்டை) சாய்ந்து அழுத்தும் சுவர், பிரிட்ஜ் பின் (ஸ்ட்ரிங் முனையைத் துளையில் பிடித்துவைக்கும் முளை) இறங்கும் துளையின் விளிம்பு, ஸ்ட்ரிங் உரசும் பள்ளம் ஆகிய மூன்று இடங்களில் இந்தப் பாதி தெரியவரும். பழைய ஐரோப்பிய லூட் வாத்தியங்களில் அக்ரூட் பிரிட்ஜுகள் உண்டு. அவற்றில் இருந்தது குடல் நரம்பு, சேடிலும் இல்லை, பின்னும் இல்லை.

7. அப்ப ஈட்டியே போட்டுட்டுப் போகலாமே?

கிடைத்தால் பிரிட்ஜுக்கு ஈட்டியை மிஞ்ச வேண்டியதில்லை. சேர்வராயன் மலையிலேயே வளர்கிற மரம்தான். ஆனால் தமிழ்நாட்டில் 1994-லேயே ஈட்டி மரங்களைக் காக்கத் தனிச் சட்டம் வந்தது. தெரிந்தவர் தோட்டத்தில் விழுந்த மரம் என்று ஒரு துண்டை வாங்கி வராதீர்கள். வனத்துறை டிப்போவிலிருந்து வந்ததற்கான ரசீதைக் கேளுங்கள். உலக அளவில் 2017 ஜனவரி முதல் ஈட்டி இனம் முழுவதும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தது. வெறும் பலகைக்கும் பிரிட்ஜ் கட்டைக்கும் அந்த விலக்கு இல்லை.

அக்ரூட் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் காஷ்மீரிலும் அக்ரூட்டை நினைத்தபடி வெட்ட முடியாது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதனால் காஷ்மீர்ப் பலகைக்கும் ரசீது கேட்பதே முறை.

8. எவ்வளவு மரம் வாங்கணும்? கன அடிக் கணக்குல சொல்லுங்க.

ஒரு நெக்குக்கு 1,100 மி.மீ. நீளம், 80 மி.மீ. அகலம், 26 மி.மீ. கனம். இது 0.08 கன அடி. கணு, வெள்ளைப்பகுதி, ரம்பத்தூள் எல்லாம் கழியும் என்பதால் 0.12 கன அடிக்குக் கணக்குப் போடுங்கள். இரண்டு நெக்குக்குச் சேர்த்து வாங்கினால் கழிவு குறையும். பிரிட்ஜுக்கு 180 × 40 × 13 மி.மீ. துண்டு போதும், நெக் பலகையின் ஓரத்திலேயே கிடைத்துவிடும். ஆனால் ஓரத்தில் மிஞ்சியது என்பதற்காக எடுக்காதீர்கள். பலகையிலேயே கனமான, நெருக்கமான வளையமுள்ள இடத்தைத் தேடி முதலில் பிரிட்ஜுக்கு ஒதுக்கிவிட்டு, பிறகு நெக்கை அறுங்கள்.

கறுப்பு வால்நட் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு இறக்குமதியாளர்களிடம் ஒரு இன்ச், இரண்டு இன்ச் பலகையாக இருக்கும். முழுப் பலகையாக வாங்கும் ஃபர்னிச்சர் பட்டறைகளில் மிஞ்சும் ஒரு மீட்டர் துண்டுகள் நெக்குக்குச் சரியான அளவு. சேலத்துக்காரர்கள் அங்கே முதலில் கேட்டுப் பார்ப்பது லாபம். காஷ்மீர் அக்ரூட் என்றால் வேர்க்கட்டை வேண்டாம், அடிமரப் பலகை வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். செதுக்கு வேலைக்காரர்கள் விரும்பும் கறுத்த, சுழன்ற வேர்ப்பகுதி நெக்குக்குச் சரியான எதிரி.

9. கடைக்காரர் 'சூளையில காய்ஞ்ச மரம்'ங்கறார். நம்பி அறுத்துடலாமா?

அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். சூளையிலிருந்து 8 சதவீத ஈரத்தோடு வந்த பலகை, மழைக்காலத்தில் தகரக் கொட்டகையில் இரண்டு மாதம் நின்றால் 14 சதவீதத்துக்கு ஏறிவிடும். உங்களுக்கு வேண்டியது 8 முதல் 10 சதவீதம்.

மீட்டர் இல்லாமலே பார்க்கலாம். பலகையின் முனையில் 100 மி.மீ. தள்ளி, 20 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு அறுங்கள். 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கேக் சுடும் ஓவனில் 103 டிகிரியில் வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை மணிக்கொரு தடவை நிறுங்கள். முதல் எடை 52.4 கிராம், கடைசி எடை 47.6 என்றால் வித்தியாசம் 4.8. அதை 47.6-ஆல் வகுத்தால் 10 சதவீதம். கடைசி எடையால்தான் வகுக்க வேண்டும். முதல் எடையால் வகுத்துவிட்டு மரம் காய்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

அளவு சரியாக இருந்தாலும் உடனே முழு அளவுக்குச் செதுக்காதீர்கள். நெக்கை ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக அறுத்து, குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி மூன்று வாரம் விடுங்கள். அறுத்ததும் மரத்துக்குள்ளிருக்கும் இறுக்கம் அவிழும். முறுக்கிக்கொள்ள வேண்டிய மரம் அந்த மூன்று வாரத்தில் முறுக்கிக்கொள்ளட்டும். மூன்று வாரத்திலும் 1 மி.மீ.-க்கு மேல் முறுக்கியதை மறுபடி இழைத்து நேராக்கிப் பயனில்லை. அதைப் பிரிட்ஜுக்கோ ஹீல் (நெக் உடலோடு சேரும் தடித்த அடிப்பகுதி) கட்டைக்கோ ஒதுக்குங்கள்.

10. பலகையில நல்ல துண்டுன்னு எதை வச்சுங்க கண்டுபிடிக்கிறது?

மேல்முகத்து வரி கண்ணை ஏமாற்றும். நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதே கேள்வி. சீவிய முகத்தில் ஃபவுண்டன் பேனா மை ஒரு சொட்டு வையுங்கள். மை துளைகளைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஓடும். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் மெல்லிய நீலக்கோடு தெரியும். அது பலகையின் ஓரத்துக்கு இணையாகப் போனால் நல்லது. 150 மி.மீ. தூரத்துக்குள் 10 மி.மீ.-க்கு மேல் விலகினால் நெக்குக்கு வேண்டாம். மேல்முகம், பக்கமுகம் இரண்டிலும் பார்க்க வேண்டும். மை இறங்கிய இடம் இழைப்பில் போய்விடும், கவலை வேண்டாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் முனைத்துண்டு ஒன்றை உளியால் பிளந்து பாருங்கள். பிளவு போகும் வழிதான் நாரின் வழி.

வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பலகை கிடைத்தால் சிறப்பு, அசைவு குறையும். ஆனால் செங்குத்து வளையமும் சாய்ந்த நாரும் உள்ள துண்டைவிட, படுத்த வளையமும் நேர் நாரும் உள்ள துண்டே மேல். வெள்ளைப்பகுதியை முழுக்கத் தள்ளிவிடுங்கள். பூச்சி முதலில் அங்கேதான் இறங்கும்.

11. பிரிட்ஜ் அளவு ஈட்டிக்குப் போடுற மாதிரியே போடலாமுங்களா?

கூடாது. ஈட்டியில் 25 மி.மீ. அகலத்தோடு நின்றுவிடும் நேர்ப் பிரிட்ஜை அக்ரூட்டில் 32 முதல் 34 மி.மீ. வையுங்கள். நீளம் 152 முதல் 155. நடுக்கனம் 9.5 முதல் 10, இறக்கை முனை 3.5. ஒட்டும் பரப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். எடை கூடிவிடுமே என்று பயம் வேண்டாம். 30 கன செ.மீ. ஈட்டிப் பிரிட்ஜ் 25 கிராம். அதே 25 கிராமுக்கு அக்ரூட்டில் 39 கன செ.மீ. கிடைக்கும்.

சேடில் காடியின் அகலம் 3.2 மி.மீ., ஆழம் 5.5. அடியில் குறைந்தது 4 மி.மீ. மரம் மிஞ்ச வேண்டும். காடிக்கு முன்னால், அதாவது சவுண்ட்ஹோல் பக்கம், 6 மி.மீ. சுவர் வேண்டும். ஸ்ட்ரிங் இழுவை சேடிலை முன்பக்கம் சாய்க்கப் பார்க்கும். அந்தச் சுமை முழுவதும் இந்தச் சுவர் மேல்தான். காடியை நேர்குத்தாக வெட்டாமல், சேடிலின் தலை பின்பக்கம் 7 டிகிரி சாய்ந்து நிற்கும்படி வெட்டினால் முன்சுவருக்கு வரும் தள்ளுதல் நன்றாகக் குறையும். சேடிலின் மொத்த உயரத்தில் பாதிக்குமேல் வெளியே நீட்டினால் அக்ரூட் தாங்காது. அப்போது பிரிட்ஜைத்தான் கனமாக்க வேண்டும், சேடிலை உயர்த்தக் கூடாது.

நைலான் ஸ்ட்ரிங் கிட்டாருக்கு இழுவை 40 கிலோ அளவுதான். வழக்கமான அளவுகளே போதும். ஸ்ட்ரிங்கைக் கட்டும் கட்டையின் இரண்டு விளிம்பிலும் 1.5 மி.மீ. எலும்புப் பட்டை ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நைலான் மரத்தை அறுத்துக்கொண்டு இறங்கும்.

12. பிரிட்ஜ் பின் துளை வரிசையா பிளந்துடுச்சுங்க. மரம் மோசமா?

மரத்தைக் குறை சொல்வதற்கு முன் துளைகளைப் பாருங்கள். பிரிட்ஜில் நார் நீளவாட்டில் ஓடுகிறது. அதே கோட்டில் ஆறு துளை போட்டால் தபால்தலை ஓரத்தில் கிழிப்பதற்குக் குத்திய துளைகள் மாதிரிதான். துளைகளை ஒரே நேர்கோட்டில் வைக்காமல் லேசான வில்லாக வையுங்கள். நடு இரண்டும் ஓர இரண்டும் 2 மி.மீ. தள்ளி நின்றாலே ஒரே நாரில் இரண்டு துளை வருவது குறையும். துளையின் நடுவிலிருந்து பிரிட்ஜின் பின்விளிம்புக்கு 10 மி.மீ. விடுங்கள்.

அடுத்த குற்றவாளி பின். 5 மி.மீ. துளையிட்டு, கூம்பு ரீமரால் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னைப் போட்டுப் பாருங்கள். விரலால் அழுத்தினாலே உட்கார வேண்டும். தட்டி இறக்கினால் அது பின் அல்ல, ஆப்பு. சேலத்து வெயிலில் இறுக்கமாகப் போட்ட பின் ஏற்காட்டு மழையில் ஊதிக்கொண்டு பிளக்கும். துளைச் சுவரில் மெல்லிய சயனோ பசை இரண்டு சொட்டு விட்டு, உலர்ந்தபின் ரீமரால் ஒரு சுற்று சுற்றினால் விளிம்பு கெட்டிப்படும். பள்ளம் வெட்டிய பின்னையே வாங்குங்கள். அக்ரூட்டில் ஸ்ட்ரிங்குக்குப் பள்ளம் வெட்டினால் ஆறு மாதத்தில் அகன்றுவிடும்.

ஸ்ட்ரிங்கின் குண்டு முனை உண்மையில் அழுத்துவது உள்ளேயிருக்கும் பிரிட்ஜ் பிளேட்டை. அது மட்டும் அக்ரூட்டில் கூடவே கூடாது. 2.5 மி.மீ. மேப்பிள் அல்லது ஈட்டி போடுங்கள்.

13. பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிக்கிட்டு வருது. அக்ரூட் மென்மைங்கறதாலதானே?

இல்லை. ஈட்டியும் இதேபோல் தூக்கும். கணக்கைப் பாருங்கள். பிரிட்ஜின் நார் நீளவாட்டில் ஓடுவதால் ஈரம் ஏறினாலும் அதன் 150 மி.மீ. நீளம் கிட்டத்தட்ட அசையாது. அதற்கடியில் இருக்கும் ஸ்ப்ரூஸ் மர டாப்பின் நார் குறுக்கே ஓடுகிறது. மரத்தின் ஈரம் 8-லிருந்து 14 சதவீதத்துக்கு ஏறினால், அந்த 150 மி.மீ. அகலத்து டாப் ஏறக்குறைய 1.3 மி.மீ. விரியப் பார்க்கும். ஒன்று அசையாது, மற்றது விரியும். நடுவில் மாட்டிக்கொள்வது பசை. அத்தோடு ஸ்ட்ரிங் பின்விளிம்பை மேலே கிள்ளிக்கொண்டே இருக்கிறது.

காகிதத் துண்டைப் பின்விளிம்பில் நுழைத்துப் பாருங்கள். 2 மி.மீ.-க்கு மேல் உள்ளே போனால் ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிட்டு, கழற்றி ஒட்டுவதே வழி. விளிம்பில் பசையைப் பிதுக்கி இறுக்குவது இரண்டு மாதத்துக்குமேல் நிற்காது, அடுத்தமுறை சுத்தம் செய்யும் வேலையையும் இரட்டிப்பாக்கும்.

14. எந்தப் பசை போடலாம்? வெள்ளைப் பசை போதாதுங்களா?

சாதாரண வெள்ளை பி.வி.ஏ. பசை மேசைக்கு நல்லது, பிரிட்ஜுக்கு ஆகாது. தொடர்ந்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தால் அது மெல்ல நகரும். சித்திரை வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காருக்குள் கிட்டார் இருந்தால் இன்னும் வேகமாக இளகும். மஞ்சள் நிற அலிஃபாட்டிக் பசை போடுங்கள், அல்லது 60 டிகிரியில் உருக்கிய தோல் பசை. தோல் பசைக்குக் கை வேகம் வேண்டும்: பூசி ஒரு நிமிடத்துக்குள் கிளாம்ப் விழ வேண்டும். பிரிட்ஜை முன்கூட்டியே லேசாகச் சூடாக்கி வைத்தால் இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

ஒட்டும் முகத்தைத் தேய்த்து அரை மணிக்குள் பசை பூசுங்கள். நேற்று தேய்த்த முகம் வேண்டாம். டாப்பில் பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் பாலிஷ் துளியும் இருக்கக் கூடாது. மூன்று கிளாம்ப், 24 மணி நேரம். அதன்பிறகு ஒருநாள் விட்டு ஸ்ட்ரிங் ஏற்றலாம்.

15. ஒரு இன்ச் பலகைதான் கிடைக்குது. ஹீல் நாலு இன்ச் வேணுமே?

அடுக்குங்கள். பலகையை 22 மி.மீ.-க்கு இழைத்து, 600 மி.மீ. நெக்குக்கு எடுத்துக்கொண்டு, மீதியில் 100 மி.மீ. துண்டுகள் நான்கு வெட்டி ஹீல் பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 110 மி.மீ. உயரம் வந்துவிடும். ஒரே பலகையிலிருந்து, வெட்டிய வரிசையிலேயே, நார் ஒரே திசையில் இருக்கும்படி அடுக்கினால் ஒட்டுக்கோடு கண்ணுக்குத் தெரியாது.

ஹெட்ஸ்டாக்குக்கு 15 டிகிரியில் சாய்வாக அறுத்து, துண்டைத் திருப்பி ஒட்டும் சாய்வு ஒட்டு. 22 மி.மீ. கனத்தில் சாய்வு முகம் 85 மி.மீ. நீளம் வரும். அந்த முகத்தில் ஓரளவு முனைநார் இருப்பதால் பசையைக் குடித்துவிடும். முதலில் தண்ணீர் கலந்த பசை ஒரு பூச்சு, பத்து நிமிடம் கழித்து முழுப் பசை. கிளாம்ப் இறுக்கும்போது சாய்வு வழுக்கும்; கழிவுப் பகுதியில் இரண்டு மெல்லிய ஆணி அடித்து நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே கட்டையில் அறுத்த ஹெட்ஸ்டாக்கைவிட இது உறுதியானது. ஒரே கட்டையென்றால் சாயும் இடத்தில் நார் குறுக்கே வெட்டுப்பட்டுவிடும், கிட்டார் கீழே விழுந்தால் முறிவது அங்கேதான்.

16. அக்ரூட் விறைப்புன்னு சொன்னீங்களே, டிரஸ் ராடு இல்லாம செய்யலாமா?

ஸ்டீல் ஸ்ட்ரிங்குக்குக் கூடாது. இருபக்கமும் திருகும் ராடு, 6 மி.மீ. காடி, ஆழம் 9.5. முதல் ஃப்ரெட்டில் ஃப்ரெட்போர்டு போக நெக் மரம் 15 மி.மீ. இருக்கும். காடி போக மிஞ்சுவது 5.5. செதுக்கும்போது அதை நினைவில் வையுங்கள், பின்பக்கத்தை மெலிதாக்கும் ஆசையில் காடியைத் தொட்டவர்கள் உண்டு. ஏற்காட்டிலேயே இருக்கப்போகும் கிட்டாரென்றால் ராடுக்கு இருபுறமும் 3 மி.மீ. அகலக் கார்பன் ஃபைபர் பட்டை எபாக்ஸியில் பதித்துவிடுவது நல்லது.

17. ஏற்காட்டுல செஞ்சு சேலத்துல வாசிக்கலாமா? இல்ல, சேலத்துல செஞ்சு மேல கொண்டு போகணுமா?

20 கொண்டை ஊசி வளைவு, 30 கிலோமீட்டர்தான் தூரம். உயரம் 280 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் ஆகிறது. மரத்துக்கு அது வேறு நாடு. சேலத்தில் கோடை மதியம் காற்றின் ஈரம் 30 சதவீதத்துக்கு இறங்கினால், அதில் கிடக்கும் மரம் 6 சதவீதத்தை நோக்கிக் காயும். ஏற்காட்டில் மூடுபனி விடாத வாரங்களில் காற்று 85 சதவீதத்தைத் தாண்டும். மரம் 18 சதவீதத்தை நோக்கி ஏறும்.

எங்கே செய்தாலும் பிரிட்ஜ் ஒட்டுவது, உள்சட்டம் ஒட்டுவது, ஃப்ரெட்போர்டு ஒட்டுவது ஆகிய மூன்றையும் காற்று 45 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது செய்யுங்கள். நெக்கும் டாப்பும் அதே காற்றில் இரண்டு வாரம் இருந்திருக்க வேண்டும். ஏற்காட்டில் இதற்கு ஒரு மர அலமாரி, அடித்தட்டில் 40 வாட் குண்டு பல்பு, ஒரு ஹைக்ரோமீட்டர் போதும். பல்புக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தகரத் தட்டு வையுங்கள், நேர்ச்சூடு பட்டால் பலகை கூம்பும். மழையில் ஏற்காட்டில் ஒட்டிய கிட்டார் மாசியில் கீழே இறங்கினால் டாப் உள்வாங்கும், ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். அக்ரூட் நெக் சுருங்குவதைவிட டாப் வெடிப்பதே அங்கே பெரிய பயம்.

18. இழைக்கும்போது நார் பிய்யுது, அப்புறம் கறுப்புப் புள்ளியா வருது. ஏனுங்க?

இரண்டும் வேறுவேறு. நார் பிய்வது இழைப்புளியை ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளுவதால். ஹீல் வளைவில் நார் திசை மாறும். அங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் பள்ளத்தை நோக்கி இறங்கிச் செதுக்குங்கள். கடைசிச் சீவலை ஸ்கிரேப்பர் தகட்டால் எடுங்கள்.

கறுப்புப் புள்ளி இரும்பால் வருவது. அக்ரூட்டில் உள்ள டானினோடு ஈரமும் இரும்புத்தூளும் சேர்ந்தால் மை மாதிரி கறுக்கும். ஸ்டீல் வுல் போட்டுத் தேய்த்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் இதுதான் நடக்கும். பசை பிதுங்கும் இடத்தில் இரும்பு கிளாம்ப் நேராகப் பட்டாலும் நடக்கும். நடுவே மெழுகுத்தாள் வையுங்கள். வந்துவிட்ட கறையை, ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் தூரிகையால் தடவினால் எடுக்கலாம். கையுறை கட்டாயம். பிறகு சுத்தத் தண்ணீரால் இருமுறை துடைத்துக் காயவிடுங்கள். அந்த இடம் காய்ந்தபின் தேய்த்தால் வரும் தூளும் மூக்குக்கு ஆகாது. அக்ரூட் தூளே சிலருக்குத் தும்மலும் அரிப்பும் தரும். மாஸ்க் போடாமல் வேலை செய்யாதீர்கள்.

19. சத்தம் மாறுமா?

நெக்கில் மரம் மாறியதால் மட்டும் வரும் மாற்றத்தைக் காதால் பிரித்துச் சொல்வது கடினம். பிரிட்ஜில் மாற்றம் தெரியும். காரணம் எடை. டாப்பின் மேல் நேராக உட்காரும் கட்டை 25 கிராமிலிருந்து 19-க்கு இறங்கினால் ஒலி சட்டென்று எழும்பும், கொஞ்சம் சீக்கிரம் அடங்கும். 11-இல் சொன்னபடி அகலப்படுத்தினால் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். நிற்கிற பிரிட்ஜுக்காக அதை விட்டுக்கொடுங்கள் என்பதே எங்கள் கருத்து.

20. பழைய கிட்டார்ல ஈட்டி பிரிட்ஜ் உடைஞ்சிருக்கு. அக்ரூட்ல ஒண்ணு செஞ்சு மாட்டலாமுங்களா?

மாட்டலாம், ஒரு சிக்கல் இருக்கிறது. 11-இல் சொன்ன அகலத்துக்குச் செய்தால் பழைய தடத்தைவிட வெளியே நீட்டும். நீட்டும் இடத்தில் பாலிஷ் இருக்கும். புதுப் பிரிட்ஜைப் பழைய தடத்தில் வைத்துச் சுற்றிலும் பிளேடால் கோடு கீறி, கோட்டுக்கு உள்ளேயுள்ள பாலிஷை மட்டும் சுரண்ட வேண்டும். கீறல் பாலிஷோடு நிற்க வேண்டும். ஸ்ப்ரூஸுக்குள் இறங்கினால் பின்விளிம்பில் நாரை வெட்டிவிடும், 13-இல் சொன்ன தூக்கல் அங்கிருந்தே தொடங்கும்.

பழையதைக் கழற்ற, இஸ்திரிப்பெட்டிச் சூட்டை அலுமினியத் துண்டு வழியாகப் பிரிட்ஜுக்கு மட்டும் ஐந்து நிமிடம் கொடுங்கள். சுற்றிலும் அட்டையும் அலுமினியத் தாளும் போட்டு டாப்பை மறைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தட்டைக் கரண்டியைச் சூடாக்கிப் பின்விளிம்பில் நுழைத்து, கைக்குத் தடை தெரிந்ததும் நிறுத்துங்கள். ஸ்ப்ரூஸ் சிலும்பு எழுந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். பெயர்ந்துவந்த சிலும்புகளைத் தூக்கி எறியாதீர்கள். பழைய பிரிட்ஜின் அடியிலிருந்து அவற்றைப் பிரித்து, அதே இடத்தில் திரும்ப ஒட்டி, காய்ந்தபின் மட்டப்படுத்திவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். பிரிட்ஜ் பிளேட்டில் ஸ்ட்ரிங் குண்டு தின்ற பள்ளம் இருக்கிறதா என்று சிறிய கண்ணாடியைச் சவுண்ட்ஹோலுக்குள் விட்டு முன்னதாகவே பார்த்துவிடுங்கள். இருந்தால் முதல் வேலை அதுதான்.